உயிர்ப்பு ஞாயிறுவரை வைத்திருந்த கடிதம்

என் அம்மா கன்னியாஸ்திரியாகப் போனவள். பதினெட்டு மாதம் மடத்தில் இருந்தாள். ஆஸ்துமா வந்ததும், இந்த உடம்பு மடத்துக்குத் தாங்காது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கல்யாணம் ஆயிற்று, நான் பிறந்தேன், அப்பா இறந்தார். அதையெல்லாம் பஸ் வரும்வரை நிற்கிற மாதிரி நின்று முடித்துவிட்டு, அதே சபையின் இல்லறத்தார் பிரிவில் சேர்ந்துகொண்டாள். மூன்றாம் சபை என்பார்கள். வீட்டில் இருந்தபடியே சபையின் ஒழுங்கை முடிந்தமட்டும் கடைப்பிடிப்பது. சேர்ந்த மற்றவர்கள் காலையும் மாலையும் செபம் சொல்லி, மாதம் ஒருமுறை கூட்டத்துக்குப் போய் வந்தார்கள். அம்மாவுக்கு அது போதவில்லை. நாகமலை புதுக்கோட்டையில் இரண்டே அறை கொண்ட எங்கள் வீட்டை மடமாக்கிவிட்டாள். இரண்டு பேர் மடம். ஒருத்தி மடத்துத் தலைவியான மதர், மிச்சம் இருந்தது நான்.

மூன்று வேளையும் கைமணி அடிப்பாள். சாப்பிடும்போது பேச்சு கிடையாது. ஒருவர் சாப்பிட, மற்றவர் புனிதர் வரலாறு வாசிக்க வேண்டும். வேதத்துக்காக உயிரைக் கொடுத்த வேதசாட்சிகளில் எனக்குத் தெரிந்த அத்தனை பேரும் ஆறிப்போன சாம்பாரோடுதான் அறிமுகமானார்கள். வெள்ளிக்கிழமை மாலை முழங்காலில் நின்று அந்த வாரம் செய்த தப்பைச் சொல்லி, மதரிடம் அபராதம் கேட்க வேண்டும். ஒரு செபமோ, ஒருவேளைப் பட்டினியோ கொடுப்பாள். கொடுத்ததை மறுபேச்சில்லாமல் செய்ய வேண்டும். முப்பத்தெட்டு வயதில், திருமங்கலத்தில் ஒரு தனியார் பள்ளியில் நாற்பது பிள்ளைகளை மிரட்டிவிட்டு வந்து, பாலைப் பொங்கவிட்டதற்காக முழங்கால் போட்டிருக்கிறேன். நீ ஏன் சம்மதித்தாய் என்று கேட்பவர்கள் ஆஸ்துமாக்காரியோடு ஒருநாள் சண்டை போட்டுப் பார்க்கட்டும்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில் இன்னொன்று சேர்ந்துகொண்டது. அம்மா இருந்த காலத்து மடத்தில் தவக்காலம் முடியும்வரை யாருக்கும் கடிதம் தரமாட்டார்களாம். வருவதையெல்லாம் மதர் பிரித்து வாசித்துவிட்டு எடுத்துவைத்து, உயிர்ப்பு ஞாயிறான ஈஸ்டரன்று கொடுப்பாராம். நம் வீட்டிலும் இனி அப்படித்தான் என்றாள். நான் சிரித்தேன். செல்போன் என்னிடமே இருக்கும். கடிதம் மட்டும்தான் கூடாது. இந்தக் காலத்தில் எனக்கு யார் கடிதம் போடப் போகிறார்கள்? சரி என்று சொன்னது இந்த வாய்தான்.

உயிர்ப்பு ஞாயிறு. பூசை முடிந்து வந்து கறிக்குழம்பைக் கூட்டி வைத்துவிட்டு, தபால் கட்டை என் கையில் கொடுத்தாள். ஒரு கல்யாணப் பத்திரிகை, வங்கியிலிருந்து ஒன்று, அப்புறம் அரசு முத்திரை போட்ட நீளமான பழுப்பு உறை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் பதினான்கு வருடம் நான் காத்திருந்த கடிதம். அரசுப் பள்ளி வேலை. சான்றிதழ்களோடு நேரில் வரவும். வரச் சொன்ன தேதி போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

"எப்பம்மா வந்துச்சு இது?"

"தவக்காலம் ரெண்டாவது வாரம். ஏதோ ஓட்டு சமாச்சாரம்னு நெனச்சேன்."

"பிரிச்சுப் பாத்திருக்கலாம்ல?"

"மடத்துல மதர் பிரிப்பாங்க. நீ வளந்த பிள்ள. உன் லெட்டர நான் பிரிக்கிறது மரியாதையில்லன்னு விட்டுட்டேன்."

இதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. எதிலும் விட்டுக்கொடுக்காதவள் இந்த ஒன்றில் மட்டும் என்மேல் இரக்கப்பட்டிருக்கிறாள். ஒழுங்கை முழுசாகப் பிடித்திருந்தால் உறையைப் பிரித்திருப்பாள், பதறிக்கொண்டு பள்ளிக்கே ஓடி வந்திருப்பாள். எனக்கு வேலை கிடைத்திருக்கும்.

மறுநாள் அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கிருந்தவர் நல்ல மனிதர்தான். "வராதவங்கள வேண்டாம்னுட்டாகன்னு எடுத்துக்கிருவோம்மா. அடுத்த ஆளுக்குப் போயிருச்சு" என்றார். வயது வரம்பைத் தாண்ட எனக்கு இன்னும் ஒன்றரை வருடம். அதற்குள் மறுபடி வருமா என்றேன். சொல்ல முடியாது என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே. எங்கள் வீட்டில் பூசாரி என்னைப் பெற்றவள்.

அந்த வெள்ளிக்கிழமை நான் முழங்கால் போடவில்லை. அம்மா போட்டாள், என் முன்னால்.

"பெரிய குத்தம் செஞ்சுட்டேன். எனக்கு அபராதம் கொடுங்க."

வாழ்நாளில் முதல்முறையாக என்னிடம் 'ங்க' போட்டுப் பேசினாள். மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. எழுந்திரும்மா என்று தூக்கிவிட்டிருக்கலாம். ஒரு செபமாலை சொல்லச் சொல்லி முடித்திருக்கலாம். எனக்கு வந்தது ஆத்திரம்.

"சபைய விட்டு வெளிய வா. மணி, செபப்புத்தகம், எல்லாத்தையும் நிப்பாட்டு."

"எம்புட்டு நாளைக்கு?"

"நான் சொல்ற வரைக்கும்."

கத்துவாள், அழுவாள், பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்வாள் என்று நினைத்தேன். மறுநாள், சபையில் சேர்ந்தபோது கழுத்தில் போட்டுவிட்ட துணி உத்தரியத்தைக் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றி, சபையின் தலைவியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். காரணம் கேட்டதற்கு உடம்புக்கு முடியவில்லை என்றாளாம். என் பெயரைச் சொல்லவே இல்லை.

டிவி வாங்கினேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டு நாடகம் பார்த்தாள். யார் மாமியார், யார் மருமகள் என்று கேட்டால் தெரியாது. மாலைச் செப நேரமான ஆறு மணிக்கு உதடு தானாக அசையும். உடனே நினைவு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், பல மாதம் சந்தோஷமாகவே இருந்தது.

கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம், ஒரு சாயங்காலம், டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே என் பக்கம் திரும்பினாள்.

"அபராதம் முடிஞ்சிருச்சா?"

முடிந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய்வரை வந்தது.

"எனக்கு மறுபடி லெட்டர் வரட்டும்" என்றேன்.

"சரிங்க மதர்" என்றாள் அம்மா.