காலி சீட்டும் நிரம்பிய பாட்டிலும்

ஊட்டியிலிருந்து கூடலூர் செல்லும் பஸ்ஸில் பாதி இருக்கைகள் காலி. என் பெரியம்மா மட்டும் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தார்.

தை மாதக் குளிர். கூடலூரில் எனக்கு மாலையில் ஒரு பட்டிமன்றம். ஊட்டி காந்தலில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு விசேஷத்துக்காக வந்திருந்த பெரியம்மா, கூடலூரை அடுத்த ஓவேலிக்குத் திரும்ப வேண்டும். அங்கே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார்; எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டில் குடியிருக்கிறார். வழி ஒன்றுதானே என்று சேர்ந்து கிளம்பினோம்.

அந்தச் சாலையை அறிந்தவர்களுக்குத் தெரியும். நடுவட்டம் தாண்டினால் வளைவுக்குப் பின் வளைவு. உட்கார்ந்திருப்பவர்களே முன்சீட்டை இறுகப் பற்றிக்கொள்ளும் பாதை அது. அதில் ஒருவர் ஏன் நின்றுகொண்டு வர வேண்டும்?

"இருக்கட்டும் புள்ள... நின்னா காத்து நல்லா வருது" என்றார். ஜன்னல்கள் அத்தனையும் குளிருக்காக மூடிக் கிடந்தன.

கண்டக்டருக்கும் பொறுக்கவில்லை. "ஏனுங்க அக்கா, நின்னுட்டு வந்தா டிக்கெட்டுல கொறைக்க மாட்டோமுங்க!"

பஸ் சிரித்தது. பெரியம்மாவும் சிரித்தார். அடுத்த வளைவில் வண்டி குலுங்கியது; பிடி நழுவி, பக்கத்து சீட்டில் தொப்பென்று விழுந்தார். அப்போது அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அலறல் அல்ல. அலறலை வாய்க்குள்ளேயே கடித்து நிறுத்தியவரின் சத்தம்.

மேடையில் எதிரணியை மடக்கும் கேள்விகளுக்குப் பெயர் பெற்றவள் நான். அன்று எனக்கு எந்தக் கேள்வியும் தோன்றவில்லை. எழுந்துபோய் அவரருகே நின்றேன். அவராகவே என் காதில் சொன்னார்.

"கீழ கட்டியாட்டம் இருக்கு புள்ள. வெளிக்குப் போனா ரத்தம் வருது. உன் பெரியப்பாவுக்குக் கூடத் தெரியாது. ஆருகிட்டயும் சொல்லிராத."

தீபாவளிக்கு முன்பே தொடங்கியதாம்.

நம் ஊரில் நோய்களுக்குள்ளும் அந்தஸ்து இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? சர்க்கரை வந்தால் கல்யாணப் பந்தியில் பெருமிதத்தோடு அறிவிக்கிறோம். ரத்த அழுத்தத்தைக் குடும்பச் சொத்துபோல் பேசுகிறோம். மூலம் வந்தால் மட்டும் ஊமையாகிவிடுகிறோம். வலி ஒரு பங்கு என்றால், அதை மறைக்கும் வேலை பல பங்கு.

கூடலூரில் இறங்கியதும் அவரை ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன் – என்று ஒரே வரியில் எழுதிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் நடந்த வாதத்தில் நான் ஏறக்குறையத் தோற்றுப்போனேன். என் அடுக்குமொழி எதுவும் எடுபடவில்லை. அவருடைய அச்சம் நோயைப் பற்றியதே அல்ல.

"காட்டுனா அறுக்கணும்பாங்க. அறுத்தா படுக்கணும். உன் பெரியப்பாவும் வேலைய விட்டு நின்னாச்சு. நானும் மலைக்குப் போகலன்னா லயத்தைக் காலி பண்ணுன்னு சொல்ல மாட்டாங்களா? எங்க போயி படுக்குறது?"

இலங்கைத் தோட்டத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு கப்பலேறி வந்த குடும்பம் அவருடையது. வீட்டை விட்டு வெளியேறுவது எப்படியிருக்கும் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கடைசியில் ஒன்றுதான் சொன்னேன். "அது மூலந்தானா, வேற எதாச்சுமான்னு தெரியாமலே இருக்கப் போறீங்களா பெரியம்மா?"

அவர் என்னுடன் நடந்தார். அந்தக் கேள்வி அவருக்குப் புதிதல்ல என்பதை அந்த நடையில் புரிந்துகொண்டேன்.

மருத்துவர் பொறுமையாகப் பரிசோதித்தார். மூலந்தான், வேறெதுவும் இல்லை, இப்போதைக்கு அறுவை வேண்டாம், வீட்டிலேயே கவனித்துக்கொண்டால் அடங்கிவிடும் என்றார். பெரியம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு மருத்துவர் அந்தச் சாதாரணக் கேள்வியைக் கேட்டார்: தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள்?

"காலையில ஒரு கப்பு சாயத்தண்ணிங்க. அப்புறம் சாயந்தரம், கொழுந்து நிறுத்துப் போட்டதுக்கப்புறம்."

"இடையில?"

"இடையில குடிச்சா எங்கீங்க போறது? மலையில கக்கூஸு கெடையாது. மறைவா ஒதுங்கலாம்னா மேல யானை நிக்கும், கீழ வேலை வாங்குற மேஸ்திரி நிப்பாரு."

பெரியம்மா இதை ஒரு வேடிக்கைபோலத்தான் சொன்னார். மருத்துவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டார்.

இது பெரியம்மா ஒருவரின் வழக்கம் அன்று. அந்த மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் அனைவரும் இப்படித்தான். பால் இல்லாத சாயத்தண்ணீரைக் காலையில் குடித்துவிட்டு, வயிற்றை மாலைவரை பூட்டி வைக்கிறார்கள். சிறுநீரையும் அடக்குகிறார்கள், மற்றதையும் அடக்குகிறார்கள். அடக்கியது இறுகுகிறது, இறுகியதை முக்கி வெளியேற்றும்போது ரத்தக் குழாய்கள் புடைக்கின்றன. போதாததற்குத் தலையில் கொழுந்து மூட்டை. வலிக்குப் பயந்து பெரியம்மா இரவுச் சோற்றையும் குறைத்திருந்தார். சாப்பிடாவிட்டால் வெளிக்குப் போக வேண்டாமே என்ற கணக்கு! நோய்க்கு இதைவிடச் சிறந்த தீனி கிடையாது.

மருத்துவர் சொன்னதை உங்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஏனெனில் மலையில் வாழும் நம் எல்லோருக்கும் ஒரு குறை உண்டு – குளிரில் தாகம் தெரிவதில்லை. தாகம் வரட்டும் என்று காத்திராமல் நாள் முழுக்கத் தண்ணீர் குடியுங்கள். வயிறு அழைக்கும்போது எழுந்து போய்விடுங்கள், முக்காதீர்கள், செல்போனோடு அங்கே குடியேறாதீர்கள். ராகிக்களி, கீரை, வாழைத்தண்டு, பப்பாளி... நம் மலையின் கேரட்டும் பீன்ஸும் மேட்டுப்பாளையத்துக்கு லாரி ஏறும் முன் கொஞ்சம் நம் தட்டுக்கும் வரட்டும். வலி இருந்தால், அகலமான டப்பில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றிச் சற்று நேரம் உட்காருங்கள். பிறகு மெல்ல ஒற்றித் துடையுங்கள். ரத்தத்தைக் கண்டால், இதெல்லாம் செய்யும் முன் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லா ரத்தமும் மூலம் அல்ல.

எளியவைதானே? பெரியம்மாவும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "பாரம் தூக்காதீங்க" என்றபோது மட்டும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

புறப்படும்போது மருத்துவர் எச்சரித்தார். இப்படியே அடக்கிக்கொண்டிருந்தால் மறுபடி வரும். மறுபடி வந்தால் அறுவையைத் தவிர்க்க முடியாது.

நான் என்ன செய்தேன்? ஒரு ஸ்டீல் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். தினமும் மலைக்கு எடுத்துப் போக வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு மேடைக்குப் போனேன். அன்றைய தலைப்பு, இன்றைய பெண் விடுதலை பெற்றுவிட்டாளா என்பது. பேச்சாளருக்கு முன்னால் எப்போதும் ஒரு தம்ளர் தண்ணீர் இருக்கும். கைதட்டல் ஓயும்வரை அதைக் குடிப்பது எங்கள் வழக்கம். அன்றும் குடித்தேன். மேடைக்குப் பின்னால் கழிப்பறை இருப்பதால்தான் குடிக்க முடிகிறது என்பதை அன்றுதான் நினைத்துப் பார்த்தேன்.

அதன்பின் போனில் நல்ல செய்திகளே வந்தன. வெந்நீரில் உட்காருகிறார். கீரை சாப்பிடுகிறார். வலி குறைந்தது, ரத்தம் நின்றது.

சென்ற ஞாயிறு ஓவேலிக்குப் போனேன். பெரியம்மா சிமெண்ட் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார் – ஆம், உட்கார்ந்தார்! ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்து. கோடையில் சுற்றியிருந்த புல்லெல்லாம் காய்ந்திருக்க, வாசலில் ஒரு கறிவேப்பிலைச் செடி மட்டும் தளதளவென்று நின்றது. எப்படி என்று கேட்டேன். பெரியம்மாவோடு கொழுந்து பறிக்கும் பக்கத்து வீட்டு மேரி அக்கா முந்திக்கொண்டார்.

"எல்லாம் நீங்க குடுத்த பாட்டில் தண்ணிதானுங்க. காலையில ரொப்பிக்கிட்டு வருவாங்க. சாயந்தரம் அப்படியே கொண்டாந்து செடிக்கு ஊத்துவாங்க."

"உனக்கு வாயி சும்மா இருக்காதா மேரி?" என்ற பெரியம்மா, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை நல்லாக் குடிக்கிறேன் புள்ள."

நான் ஏன் என்று கேட்கவில்லை. யானை அங்கேயே நிற்கிறது. மேஸ்திரியும் அங்கேயே நிற்கிறார். கழிப்பறைதான் இன்னும் வந்து நிற்கவில்லை. வீட்டில் செய்ய வேண்டிய அத்தனையையும் பெரியம்மா செய்துவிட்டார். நோய் வீட்டில் உண்டாகவில்லையே!

"ரத்தம்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கொஞ்சந்தான்" என்றார். பிறகு எழுந்துபோய், நான் ஊருக்கு எடுத்துப் போகக் கறிவேப்பிலை ஒடிக்கத் தொடங்கினார்.

வரும் புதன்கிழமை மறுபடியும் அந்த மருத்துவரிடம் போகிறோம். இம்முறை அவர் அறுவை என்றுதான் சொல்வார் என்று நினைக்கிறேன். லயத்தைக் காலி செய்யச் சொன்னால் எடுத்துக்கொள்ள, பெரியம்மா இப்போதே அந்த டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்திருக்கிறார்.

ஒன்று மட்டும் நிச்சயம்... அந்தக் கறிவேப்பிலைச் செடிக்கு ஒருநாளும் மலச்சிக்கல் வராது.