கர்ட்டன் அக்கா ஓட்டுகிறார்

பக்கக் கண்ணாடியை விரலால் லேசாகத் தள்ளி, "என்ன, எல்லாம் ஒழுங்காத் தெரியுதா?" என்று அதனிடமே கேட்கிறார் கர்ட்டன் அக்கா. பதில் கிடைத்ததுபோலத் தலையாட்டிவிட்டுச் சாவியைத் திருப்புகிறார். பழைய வேன் இருமி, பெருமூச்சு விட்டு, கிளம்புகிறது. பின்னால் திரைச்சீலைக் கம்பிகள் கலகலக்கின்றன. "சத்தம் போடாம வாங்கடா" என்று அவற்றுக்கும் ஓர் அதட்டல்.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் அவருடைய தையல் அறை. ஐம்பதைத் தாண்டியவர். வாயில் எந்நேரமும் குண்டூசி இருப்பதால் பாதிப் பேச்சு உதட்டோரமாகத்தான் வரும். யார் வீட்டுக்குப் போனாலும் ஆளைப் பார்ப்பதற்கு முன் ஜன்னலைப் பார்ப்பார். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்மணியிடம் எடுத்த எடுப்பிலேயே, "உங்க சுருக்கம் சரியில்லையே" என்றார். அந்த அம்மாள் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

தைத்துவிட்டால் போதுமா? கொண்டுபோய் மாட்ட வேண்டுமே. ஆளைவிட நீளமான கம்பிகளோடு பேருந்தில்தான் போய்வந்தார். "ஒரு தடவை லேசாத் திரும்பினேன். ரெண்டு பேரு குனிஞ்சுட்டாங்க, ஒருத்தரு குனியல" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் ஒருநாள் நடுவழியில் இறக்கிவிட்டுவிட்டார்கள். நல்ல மழை. தன் மேல்கோட்டைக் கழற்றி, தைத்து முடித்த வெள்ளைத் துணி மூட்டையைப் போர்த்திவிட்டு, தான் நனைந்துகொண்டே நடந்தார். ஈரத் தலையோடு வீட்டுக்குள் நுழைந்தவர், "என்னங்க, நான் வண்டி ஓட்டக் கத்துக்கப் போறேன்" என்றார்.

கணவர் ரொட்டிக் கடையில் மாவு பிசைபவர். எந்த வண்டியில் ஏறினாலும் அவருக்குத் தலை சுற்றும். அவர் சமையலறை நாற்காலிகள் இரண்டை அடுத்தடுத்துப் போட்டு, மனைவி கையில் ஸ்டியரிங்காக ஒரு தட்டைக் கொடுத்தார். பயிற்சிப் பள்ளியில் காலையில் படித்த பாடத்துக்கு மாலையில் அங்கே மறுபரீட்சை. மாடியில் இருக்கும் எனக்கு எல்லாம் கேட்கும்.

"வலது பக்கம் திரும்பு."

"அங்க ஃபிரிட்ஜ் இருக்குங்க."

"அப்ப ஹாரன் அடி."

முதல் தேர்வில் மரியாதையே அவரைக் கவிழ்த்தது. எல்லோருக்கும் வழிவிட்டார். நடைபாதையில் சும்மா நின்றிருந்த ஒருவரைப் பார்த்தும் வண்டியை நிறுத்தி, "நீங்க போங்க" என்று கைகாட்ட, சாலையைக் கடக்கும் எண்ணமே இல்லாத அந்த மனிதர் மறுக்க முடியாமல் கடந்து போனாராம். பக்கத்திலிருந்த தேர்வு அதிகாரி, "அம்மா, நாமளும் போகணும்" என்றிருக்கிறார். இரண்டாவது தேர்வில் தொழில் கவிழ்த்தது. சாலையை விட்டுவிட்டு இருபுறமும் ஜன்னல்களையே பார்த்தாராம். "நான் என்ன பண்றது, மூணாவது மாடியில ஒருத்தி திரைய தலைகீழா மாட்டியிருக்கா!" என்று சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் அன்று மாலை தையல் மிஷின் சத்தமே எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சமையலறையில் நாற்காலிகளை இழுத்துப் போடும் ஓசை கேட்டது.

மூன்றாவது தேர்வில், இருபுறமும் வண்டிகள் நிறுத்தியிருந்த ஒரு குறுகிய தெருவில் பாதி தூரம் போனபோது எதிரே ஒரு லாரி நுழைந்தது. விளக்கை மினுக்கி மினுக்கிக் காட்டி, பின்னால் போகச் சொன்னார் லாரிக்காரர். அக்காவுக்குப் பின்னால் இரண்டு கார்கள் வந்து ஒட்டி நின்றிருந்தன. லாரிக்குப் பின்னாலோ தெருவே காலி. அக்கா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"தம்பி, என்னால பின்னால போக முடியாது. உங்களால முடியும். மெதுவாப் போங்க, நான் அவசரப்படுத்த மாட்டேன்."

லாரி உறுமியது. அக்காவின் கால் பிரேக்கிலேயே இருந்தது. கை ஸ்டியரிங்கை விடவில்லை. கடைசியில் லாரி முனகிக்கொண்டே பின்வாங்கியது. கடந்து போகும்போது கையுயர்த்தி நன்றி சொல்லவும் அக்கா மறக்கவில்லை.

திரும்பி வந்து வண்டியை நிறுத்தியதும், "பாஸ்" என்றார் அதிகாரி.

"யாரு, நானா?"

"ஓட்டினது நீங்கதானேம்மா."

வெளியே காத்திருந்த கணவரிடம் அவரால் உடனே சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. "பரவாயில்ல, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று அவர் தேற்ற ஆரம்பித்துவிட்டாராம். விஷயம் தெரிந்ததும் ரொட்டிக் கடைக்கு ஓடியவர், அன்று வந்தவர்களிடமெல்லாம், "ரொட்டி இருக்கட்டும், சேதி கேட்டீங்களா?" என்றுதான் தொடங்கினார். இப்போது மனைவியின் வேனில் ஊரைச் சுற்றுகிறார். "அவ ஓட்டினா எனக்குத் தலை சுத்துறதில்ல" என்கிறார், சற்றே வெளுத்த முகத்தோடு.

நேற்று நானும் அந்த வேனில் போனேன். சிக்னலில் விளக்கு பச்சையானது. எங்களுக்கு முன்னால் நின்ற பயிற்சிப் பள்ளி வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றுபோனது. மறுபடி கிளம்பி, மறுபடி நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறத் தொடங்கின. அக்கா வேனின் எஞ்சினை அணைத்தார். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, பின்னால் நிற்பவர்களுக்கு உள்ளங்கையைக் காட்டி, முன்னால் இருந்த வண்டி நகரும்வரை அப்படியே பிடித்திருந்தார்.