மாமனாரின் வெள்ளி மூக்குக்கண்ணாடி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு முன்னறையை ஒரு கண்ணாடி அலமாரி அடைத்துக்கொண்டு நின்றது. அதற்குள் மூக்குப்பொடி டப்பிகள், கடிகாரச் சங்கிலிகள், தந்தப் பிடி போட்ட குடைகள், துரைசானிகள் தொப்பியில் செருகும் ஊசிகள். எல்லாம் போன நூற்றாண்டுச் சாமான். துரைமார் சீமைக்குத் திரும்பும்போது வீட்டுப் பொருள்களை ஏலம் விடுவார்கள். மற்றக் குமாஸ்தாக்கள் கட்டிலும் நாற்காலியும் எடுப்பார்கள். நான் மேசை டிராயரின் அடியில் கிடப்பதை எடுப்பேன்.

“செத்தவன் சங்கிலி, செத்தவன் ஊசி. இது வீடா, சுடுகாடா?” என்பாள் என் மனைவி.

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். இந்த வீட்டில் ஒருவருக்காவது ரசனை உண்டா என்று கத்துவேன்.

அலமாரியில் ஒரு நல்ல மூக்குக்கண்ணாடி இல்லை. ஏலத்தில் வந்தவையெல்லாம் கம்பி ஒடிந்தவை. முழுசாக ஒன்று கிள்ளானில், என் மாமனார் முகத்தில் இருந்தது. வெள்ளி பிரேம், சின்ன நீள்வட்டக் கண்ணாடிகள், பாதியில் மடியும் காதுக் கம்பிகள். அவருடைய தகப்பனார் நாகப்பட்டினத்தில் வாங்கியது. ரப்பர் விளையும் கித்தாத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்து ஓய்ந்த மாமனார், அதைப் போட்டுக்கொண்டு தினமும் சாயங்காலம் ஸ்டேஷன் பக்கத்து மளிகைக் கடை பெஞ்சில் தமிழ்ப் பத்திரிகையை உரக்கப் படிப்பார். படிக்கத் தெரியாத வண்டிக்காரர்களும் தோட்டத்து ஆட்களும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அவருடைய நாளே அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் விடிந்தது.

மாப்பிள்ளை ஒன்றை நன்றாயிருக்கிறது என்றால் அதை எடுத்துக் கொடுத்துவிடுவது அவர் வழக்கம். வெண்கலக் கூஜா அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. “எங்கப்பா வீட்ல எதையும் நல்லாருக்குன்னு சொல்லித் தொலையாதீங்க” என்று ஒரு தடவை கிள்ளானுக்குப் போகும் ரயிலிலேயே மனைவி எச்சரித்தாள். தெரிந்துதான் சொன்னேன்.

“இந்த மாதிரி வேலைப்பாடு இப்ப யாரும் செய்யிறதில்ல மாமா.”

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்து நீட்டினார். “நீங்களே வச்சுக்குங்க மாப்பிள்ளை.”

பதிலுக்குக் கொடுக்க ஒரு புதுக் கண்ணாடி ஏற்கனவே என் சட்டைப்பையில் இருந்தது. கோலாலம்பூர் கடைக்காரரிடம் அவர் வயதைக் குத்துமதிப்பாகச் சொல்லி வாங்கியது. அதைப் போட்டுப் பார்த்து, “பளிச்சுன்னு தெரியுது” என்றார்.

அடுத்த மாதம் கிள்ளானுக்குப் போனபோது அந்த மளிகைக் கடை வாசலில் நின்று அவர் படிப்பதைக் கேட்டேன். மாமனார் பத்திரிகையைத் தள்ளிப் பிடித்தார், மூக்கருகே கொண்டுவந்தார், பிறகு ஒரு கப்பல் முழுகிய செய்தியைத் தடங்கலில்லாமல் படித்தார். ஒரு வண்டிக்காரர் இடைமறித்தார்.

“அண்ணே, இந்தக் கப்பல் போன வாரமே முழுகிடுச்சே. இன்னுமா முழுகுது?”

“பெரிய கப்பல்லா, மெதுவாத்தான் முழுகும்” என்றார் இன்னொருவர்.

“கித்தா வெலையும் அண்ணன் வாயில தெனம் ஏறுது” என்றார் கடைக்காரர். “தோட்டத்துல ஏறக் காணோம்!”

பெஞ்சே குலுங்கியது. மாமனாரும் சிரித்தார். “இன்னைக்கு அச்சு சரியில்ல” என்று பத்திரிகையை மடித்தார்.

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. “தெரியலன்னா சொல்ல வேண்டியதுதானே மாமா?”

“நல்லாத்தான் தெரியுது மாப்பிள்ளை.”

“டாக்டர்கிட்ட போவோம், வாங்க.”

“எதுக்கு? நீங்க பார்த்து வாங்கினதாச்சே.”

என்ன மனிதர் இவர்! மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த கண்ணாடி சரியில்லை என்று சொல்வதைவிடக் கண் தெரியாமலே இருந்துவிடலாம் என்று நினைக்கிறவரை என்ன செய்வது? வழி நெடுக அவரைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன். பழைய கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.

அவர் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்று மாமியார் சொல்லி அனுப்பியதும், மனைவி அலமாரியைத் திறந்து வெள்ளிக் கண்ணாடியை எடுத்து என் கையில் வைத்தாள். “கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க.”

ஞாயிற்றுக்கிழமை போனேன். மாமனார் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை நீட்டி, “இதை நீங்களே வச்சுக்குங்க மாமா” என்றேன்.

“சேச்சே, குடுத்ததத் திருப்பி வாங்குறதா? உங்ககிட்டயே இருக்கட்டும்.”

முதல் தடவை வேண்டாம் என்பது நம்மவர்களுக்கு வெறும் மரியாதை. போதும் போதும் என்று இலையை மறைக்கிற கையை விலக்கி எத்தனை பேருக்குச் சாம்பார் ஊற்றியிருக்கிறேன்! இன்னொரு தடவை வற்புறுத்தியிருந்தால், கையைப் பிடித்துத் திணித்திருந்தால், அவர் வாங்கியிருப்பார். அது எனக்கு நன்றாகத் தெரியும். “சரி மாமா” என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவர் பார்வை என் சட்டைப்பை வரைக்கும் வந்தது. எனக்கோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது. மாமியார் கொடுத்த கோப்பியைக் குடித்துவிட்டு ரயிலேறினேன்.

“வாங்கிக்கிட்டாரா?” என்றாள் மனைவி.

“வேண்டாம்னுட்டாரு.”

“எத்தனை தடவை கேட்டீங்க?”

நான் அலமாரியைத் திறந்து கண்ணாடியைப் பழைய இடத்தில் வைத்தேன். மாமனார் சாகும்வரை அந்தக் கடை பெஞ்சுக்குத் திரும்பிப் போகவில்லை.