கிரைண்டரைத் திருப்பிக் கேட்டவள்

காலையில் எங்கள் அடுக்குமாடி வாட்ஸப் குழுவில் யாரோ சோபா படம் ஒன்றைப் போட்டு, ‘இலவசம், சாயங்காலத்துக்குள் எடுத்துக்கொள்ளவும்’ என்று எழுதியிருந்தார்கள். எனக்குச் சோபா தேவையில்லை. ஆனாலும் படத்தைப் பெரிதாக்கி, கால் கோணலா, மடிப்பில் மூட்டைப்பூச்சி இருக்குமா என்று ஆராய்ந்ததில் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. இன்றைக்கும் யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியை லேசாக ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன். வீட்டுக்காரர்கள் தப்பாக நினைக்கிறார்கள். என்ன செய்ய?

என் முதல் வேலை லிங்கராஜபுரத்தில், சர்ச்சுக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்திய பழைய பொருள் கடையில். வேண்டாமென்று கொடுப்பதை எடுத்துவந்து, துடைத்து, விற்க வேண்டும். பாச்சை உருண்டையும் ஈர மரமும் கலந்த அந்தக் கடை வாசனை என் துப்பட்டாவில் ஏறி, பஸ்ஸில் எனக்கு மட்டும் தாராளமாக இடம் கிடைக்கும். கடைப் பொறுப்பாளர் காக்ஸ் டவுன் ஸ்டெல்லா ஆன்ட்டி. யாராவது பொருள் தருகிறேன் என்று போன் செய்தால் அவர் முதலில் கேட்பது, “லிப்ட் இருக்கா?”

வெளிநாடு கிளம்புகிறவர்கள் வீடு என்றால் எனக்குக் கொண்டாட்டம். கை கூசாமல் கொடுப்பார்கள். தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த கவிதாவும் செந்திலும் அப்படித்தான் கொடுத்தார்கள். செந்திலுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருந்தது.

“அதையும் எடுத்துக்கோங்கக்கா. அங்க போயி எல்லாம் புதுசா வாங்கிக்கலாம்” என்று சொல்லிச் சொல்லி, ஜன்னல் திரையைக்கூடக் கழற்றிக் கொடுத்தாள் கவிதா.

சில நாள் கழித்து அவள் கடை வாசலில் நின்றாள். செந்தில் வண்டியை விட்டு இறங்கவில்லை, ஹெல்மெட்டையும் கழற்றவில்லை.

“அந்த வேலை இல்லன்னுட்டாங்கக்கா. எங்க பொருளெல்லாம் இருக்கா?”

அநேகமாக எல்லாம் விற்றுப்போயிருந்தது. அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. யாருடைய பீரோவையோ திறந்தாள், மூடினாள், இன்னொன்றைத் திறந்தாள். “கட்டிலு? பிரிட்ஜு? கிரைண்டராச்சும்? எங்கம்மா வாங்கிக் குடுத்ததுக்கா!”

கிரைண்டர் போன இடம் எனக்குத் தெரியும். ஸ்டெல்லா ஆன்ட்டி கண்ணாலேயே ‘வேண்டாம்’ என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. கவிதாவை இழுத்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி மாவு விற்கும் சரோஜாவிடம் போனேன்.

“நான் என்ன ஓசியிலயா எடுத்தேன்? கடையிலதானே வாங்குனேன். இப்ப குடுன்னா நான் எதுல ஆட்டறது?” என்றாள் சரோஜா. நியாயம்தான். உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கவிதா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சரோஜாவுக்கும் இருப்புக் கொள்ளவில்லை போலும். கிரைண்டரை நிறுத்தினாள், மறுபடி போட்டாள். கடைசியில் ஒரு தூக்குப் பாத்திரத்தில் மாவை நிறைத்து நீட்டினாள். “இத எடுத்துனு போம்மா. வேணும்ங்கறப்ப வா, தர்றேன்.”

தெருவுக்கு வந்ததும் கவிதா அழுதாள். அழுதுகொண்டே, “தோசக்கல்லும் இல்லக்கா” என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பில் போடாமல் ஒரு கரண்டியைக்கூட வெளியே விடாத ஸ்டெல்லா ஆன்ட்டி அன்று சாயங்காலம் டெம்போவை வரச்சொன்னார். ஏதோ ஒரு டாக்டர் வீட்டுக் கட்டில், யாருடையதோ மேசை, ஒரு தோசைக்கல் எல்லாம் ஏறின. அடுத்த வாரம் கவிதா போன் செய்தாள். “ராத்திரி திரும்பிப் படுத்தா, கட்டிலு யாரோ இருமுற மாதிரி சத்தம் போடுதுக்கா!”

சில வருஷம் கழித்து அவர்கள் நிஜமாகவே கிளம்பினார்கள். இந்தத் தடவை யாரிடமும் மூச்சு விடவில்லை. விமான நிலையத்திலிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது: ‘உள்ள வந்துட்டோம்க்கா. இனிமே திருப்பிக் கேக்க மாட்டேன். எல்லாத்தையும் எடுத்துக்கோங்க. சாவி வாட்ச்மேன்கிட்ட.’

அதற்குள் கடை மூடியாகிவிட்டது. அந்த வரிசையையே இடித்துவிட்டு, கண்ணாடி வைத்த கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. சரோஜா ஆனேக்கல் பக்கம் குடிபோய்விட்டாள். ஆன்ட்டியின் நம்பரை வேறு யாரோ எடுத்துக் கன்னடத்தில் பேசினார்கள். இதெல்லாம் கவிதாவுக்குத் தெரியாது. நானும் சொல்லியிருக்கவில்லை.

ஆனாலும் போனேன். வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டு, “டெம்போ கூப்புடட்டுமா மேடம்? எங்க கொண்டு போவணும்?” என்று கேட்டார்.

லிங்கராஜபுரம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.