ஒற்றைக்குழலுக்கு ஒரு கையெழுத்து

எட்வர்ட் இறந்து ஐந்து மாதம் ஆகியும் அவருடைய ஒற்றைக்குழல் துப்பாக்கி காவல் நிலையத்தில்தான் கிடந்தது. அதை மருமகன் மோசஸ் பேருக்கு மாற்ற, எட்வர்ட்டின் மனைவி விக்டோரியாவின் கையெழுத்து வேண்டும். ‘எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்று டைப் அடித்த தாளை மகள் ஷைனி இரண்டு முறை ஆரம்பாக்கத்தில் இருந்த அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு முறையும் அப்படியே திரும்பக் கொண்டுபோனாள்.

விக்டோரியாவுக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடி. ரயிலை விட்டிறங்கி வீட்டுக்கு நடக்கும்போது கால் தன்னுடையதாகவே இருக்காது. அந்தக் காலோடு வந்து உட்கார்ந்து, முடியாது என்று சொல்வதற்கும் தெம்பு வேண்டியிருந்தது. அப்புறம் பார்க்கலாம் என்றே தள்ளிப் போட்டாள்.

எட்வர்ட் பட்டாளத்திலிருந்து வந்ததும் வங்கிப் பணம் ஏற்றும் வேனில் காவலுக்குச் சேர்ந்தவர். சொந்தத் துப்பாக்கியும் லைசென்சும் இருந்தால்தான் அந்த வேலை. வெறுங்கை வாட்ச்மேனைவிடச் சம்பளமும் கூட. பதினெட்டு வருஷத்தில் ஒரு காக்கையைக்கூட அவர் சுட்டதில்லை.

மோசஸைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்த இருபது நாளும் வராந்தாவில் படுத்துக் கிடந்தவன். ஆனால் கோபம் வந்தால் கைக்கு அகப்பட்டது பறக்கும். செல்போன், மிக்சி ஜார், ஒரு முறை அடுப்பிலிருந்த குக்கர். பிறகு அழுவான், புதுசு வாங்கி வருவான். ஷைனி சுவரைத் துடைத்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல இருப்பாள்.

மூன்றாவது முறை, ஞாயிறு ஆராதனை முடிந்து இருவருமாக வந்தார்கள். துப்பாக்கி இருந்தால் மாமனார் பார்த்த வேன் வேலையே தனக்கும் கிடைக்கும் என்று மோசஸ் பொறுமையாகத்தான் பேசினான். புதிதாக லைசென்ஸ் வாங்குவது குதிரைக்கொம்பு, கலெக்டர் ஆபீசுக்குச் செருப்புத் தேய நடந்தாலும் கிடைக்காது, வாரிசுக்கு வருகிற உரிமையை யாராவது விடுவார்களா என்றான். துப்பாக்கி தானாகவா சுடுகிறது, பிடிக்கிற கைதானே சுடுகிறது என்றும் கேட்டான். விக்டோரியாவின் பார்வை அவன் கைமேல் போயிற்று. சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். பெட்ரோல் போட்டு வருவதாகச் சொல்லி அவன் வெளியே போனான்.

ஷைனி அடுப்படிக்கு வந்தாள்.

“இன்னாமா ஒன் பிரச்சின? அப்பா பதினெட்டு வருஷம் வெச்சிக்கினு இருந்தாரே, இன்னா ஆயிடுச்சி?”

விக்டோரியா வெங்காயத்தை நறுக்கி முடித்தாள்.

“எலெக்சன் வந்தா துப்பாக்கிய ஸ்டேஷன்ல குடுத்துடணும். ரெண்டு மாசம் ஊட்ல இருக்காது. அந்த ரெண்டு மாசந்தான்டி நான் முழுசா தூங்குனேன். ஒங்கப்பா தங்கமான மனுசன். அவரோட இருந்தப்பவே எனக்கு அப்டி. நீ எப்டி தூங்குவ?”

“வேல இல்லாம நாள் பூரா ஊட்லயே குந்திக்கினு இருக்கறாரே, அத்த யாரும்மா பாக்கறது?”

விக்டோரியா வெங்காயத்தை அள்ளிச் சட்டியில் போட்டாள். தாள் மறுபடி ஷைனியின் கைப்பைக்குள் போனது.

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டு விக்டோரியா காவல் நிலையத்துக்குப் போனாள். தனக்குச் சம்மதமில்லை, துப்பாக்கியை யார் பேருக்கும் மாற்ற வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். ரைட்டர் இரண்டு தடவை படித்தார்.

“மருமவன்தான, வெளியாளா? குடும்பத்துல பேஜாரு ஆயிடப்போவுதும்மா.”

“ஆவட்டும் சார்.”

சனிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் ஷைனியிடமிருந்து போன் வந்தது. எடுத்ததுமே கத்தல். பெற்ற மகள் வயிற்றிலேயே அடித்துவிட்டாய், இனிமேல் என் வாசலை மிதிக்காதே என்றாள். பின்னால் மோசஸின் குரலும் கேட்டது. விக்டோரியா டிபன் டப்பாவை மூடிவைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம். ஷைனியின் குரல் அடியோடு தாழ்ந்தது.

“அவரு ஒன்னாண்ட வருவாரு. அழுவாரும்மா. மாத்தி எய்திக் குடுத்துடாத.”

“குடுக்கமாட்டேன்.”

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. பிறகு குழாய் நின்றது, கதவு திறந்தது. ஷைனி மறுபடி கத்த ஆரம்பித்தாள்.