காத்துத் துணி

சுரங்க வாயிலில் விசிறி ராப்பகலாய் ஊளையிட்டு என்ன புண்ணியம்? அது இழுக்கிற காற்று கடைசிக் குடைவு வரை போனால்தானே! பாதி பலம் சுவரில் உரசியே போய்விடும். மீதிக் காற்று சந்து கண்ட இடத்தில் குறுக்கே திரும்பிவிடும். தார்த்துணித் தடுப்பு கட்டி அதை முனை வரை கூட்டிப்போவதுதான் துர்கம் ஓதேலுவின் வேலை. கோதாவரிக்கரை நிலக்கரிச் சுரங்கங்களில் இந்த வேலையை ஒரு பயலும் மதித்ததில்லை.

மழை பிடித்தால் துணி காணாமல் போகும். கரி அள்ளுகிறவன் இடுப்பில் சுற்றி மேலே கொண்டுவந்து தன் கூரையில் போட்டுவிடுவான். எல்லாரும் செய்கிறதுதான். ஓதேலுவும் கண்டும் காணாமல் இருந்துவிடுவார்.

அந்த மழைக்காலத்தில் கடைசிக் குடைவில் விளக்குச் சுடரின் மேல் நீலம் கட்டியது. தீப்பற்றும் வாயு சேருகிறது என்று அர்த்தம். அங்கே கரி வெட்டுகிறவன் அவருடைய மருமகன் சம்மையா. ஓதேலு மேனேஜரிடம் ஓடினார்.

"துணி இல்லேன்னா ஆளுங்களையாவது வெளிய எடுங்க தொரா."

"கரி உங்க அப்பனா குடுப்பான்? விசிறி ஓடுதில்ல? புதுத் துணி மழை முடிஞ்சுதான் வரும், போ."

வேறு வழி? கூரையில் போட்ட துணியைத் திருப்பிக் கேட்டு வீடு வீடாய் ஏறி இறங்கினார்.

"ஏன் மாமா, எங்க கூரையை உருவி உன் சுரங்கத்துக்குக் கோவணம் கட்டப் போறியா?" என்று சிரித்தாள் முதல் வீட்டு ராஜவ்வா. துணி தரவில்லை. இன்னொருத்தி கதவைச் சாத்திக்கொண்டாள். நாலைந்து கிழிசல்தான் தேறியது.

கடைசியில் மகள் போசக்காவின் வீடு. பிள்ளை பெற்று மாதம்கூட ஆகவில்லை. கூரையில் அதே தார்த்துணி.

சம்மையா வாசலை மறித்தான். "வேணாம் மாமா. புள்ளைக்கு ஏற்கனவே இருமல். நான் எப்படியோ சமாளிச்சுக்கறேன்."

"எதைடா சமாளிப்ப? வாயு பத்திக்கிச்சுன்னா உன்னை வழிச்சுத்தான்டா எடுக்கணும்."

போசக்கா பிள்ளையைச் சம்மையாவின் கையில் கொடுத்துவிட்டு, தானே ஏறி முடிச்சை அவிழ்த்தாள். மழை நேராகப் பாயில் விழுந்தது.

மறுநாள் எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டுக் கட்டியும் ஓர் ஆள் அகலத்துக்குத் துணி பற்றவில்லை. காற்று அந்தச் சந்தில் புகுந்து திரும்பிப் போனது. சட்டையைக் கழற்றி அடைத்துப் பார்த்தார். போதவில்லை. ஓதேலுவுக்கு அழுகை வந்துவிட்டது. அந்தச் சந்தை முதுகால் அடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து சம்மையாவின் குரல் வந்தது. "மாமா, நீலம் இறங்குது. என்ன பண்ணே?"

"ஒண்ணுமில்லடா. நீ வேலையைப் பாரு."

எழுந்திருக்கத்தான் அவருக்குப் பயமாக இருந்தது.