பக்கத்து வீட்டில் விசாரித்தது

இது உண்மையாக நடந்தது. ரூபன் சொல்லியிருந்தால் நான் ஒரு சொல்லும் நம்பியிருக்க மாட்டேன். அவன் மாங்குளத்துக்குப் பஸ்ஸில் போய்வந்ததையே ஒரு மணித்தியாலம் புளுகுகிற ஆள். இதைச் சொன்னது சுகிர்தன். அவனுக்குப் பொய் வராது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இரண்டு பேரும் கிளிநொச்சியில் தனியார் துப்பறிவாளர்கள். பெயர்தான் பெரிது. களவுபோன தண்ணீர்ப் பம்பு, காணாமற்போன மாடு, எல்லாவற்றையும்விட அதிகமாகக் கலியாண விசாரணை. வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே சம்பந்தம் பேசினால், பெடியன் எப்படி, குடிப்பானா, முன்பு ஏதும் தொடர்பு இருந்ததா என்று இவர்கள் போய் அறிந்து சொல்ல வேண்டும். ரூபன் வாயாலேயே எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடுவான். சுகிர்தன் ஒரு கொப்பியோடு பின்னால் போவான். கொப்பியில் எட்டுக் கேள்விகள், எப்போதும் ஒரே ஒழுங்கில். அவற்றின் கீழே ‘முடிவு’ என்று ஒரு வரி. இந்தச் சோடி எப்படிச் சேர்ந்தது என்று ஊரில் பலருக்கு விளங்கவில்லை.

சுகிர்தனுக்கு முப்பத்தாறு வயது. பிறர் கலியாணத்தை விசாரித்தே முன்மயிர் கொட்டிவிட்டது. போன ஆவணியில்தான் அவனுக்கே ஒரு நல்ல இடம் பொருந்தி வந்தது. புளியங்குளத்து யதுர்ஷிகா, பள்ளிக்கூட ரீச்சர். இரண்டு தடவை பேசினார்கள், இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. வயல் விதைப்பு முடிந்ததும் அவளுடைய மாமன் வந்து இவனைப் பற்றி விசாரித்தால் எல்லாம் முற்று, நாள் வைப்பதுதான் பாக்கி. சுகிர்தன் வாழ்க்கையில் முதல் தடவையாக விசிலடித்துக்கொண்டு திரிந்தான்.

அந்த நேரத்தில்தான் மல்லாவி வேலை வந்தது. பெடியன் பெயர் நிருஷன். நல்ல உத்தியோகம், குடியில்லை, கூடாத சகவாசம் இல்லை. ஆனால் நான்கு சம்பந்தங்கள் கடைசி நேரத்தில் குழம்பியிருந்தன. ஏன் என்று ஐந்தாவது பெண்ணின் தமையன் லண்டனிலிருந்து கேட்டான்.

பெடியனின் வீட்டில் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். ஆகவே இவர்கள் எப்போதும் பக்கத்து வீட்டில்தான் விசாரிப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை, பகல் 12.10. ஆட்டோ ஒழுங்கையில் நின்றது. வெயில் மண்டையைப் பிளந்தது. ரூபனுக்கு மனைவியிடமிருந்து போன் வந்தது.

“நீ போ மச்சான். இவள் லேசிலை விடமாட்டாள்,” என்றான்.

சுகிர்தன் நிருஷனின் வீட்டுக்கு அடுத்த படலையைத் திறந்தான். வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா நின்றார்.

“வாங்கோ தம்பி. உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

ஆரோ போகிற போக்கில் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தான். உள்ளே போய்க் கதிரையில் இருந்தான்.

12.14. பக்கத்து ஸ்டூலில் ஒரு கிளாஸ் தேத்தண்ணி இருந்தது. ஆவி பறந்தது. அவன் இருந்த இடத்திலிருந்து குசினி தெரிந்தது. அடுப்பில் நெருப்பில்லை. அந்த அம்மா முன்னால் இருந்தபடியே இருந்தார், எழும்பவேயில்லை. சுகிர்தன் மரியாதைக்காகக் குடித்தான்.

“நிருஷனைப் பற்றிக் கொஞ்சம்...”

“அவரை விடுங்கோ. எவ்வளவு காலம் பாக்கிறது. உங்கட பேர் என்ன தம்பி?”

சொன்னான். வயது கேட்டார். சொன்னான். என்ன வேலை? குடி ஏதும் உண்டோ? முந்தி ஆரோடையும் தொடர்பு?

ஐந்தாவது கேள்வியில்தான் அவனுக்கு உறைத்தது. அவை அவனுடைய கேள்விகள். அவனுடைய ஒழுங்கில்.

கொப்பி அவன் மடியில் மூடியபடி கிடந்தது.

12.31. எழும்பப் பார்த்தான்.

“இன்னும் மூண்டுதான். இருங்கோ.”

கால்கள் எழும்பவில்லை.

கதவு திறந்துதான் இருந்தது. பதினைந்து அடி தூரம். வெளியே வெயிலில் ரூபனின் முதுகு தெரிந்தது. போனில் கதைத்துக்கொண்டிருந்தான். சுகிர்தன் கூப்பிட்டான். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

“நட்சத்திரம்?”

சொல்லக்கூடாது என்று நினைத்தான்... வாய் சொன்னது.

“பூராடம்.”

கதவு மெல்ல மூடியது. கிரீ...ச்.

“பிறந்த நேரம்?”

அதையும் சொன்னான்.

இருட்டு. ஓட்டுக்கு மேலே ஒரு காகம்கூடக் கத்தவில்லை. உள் அறையில் வளையல் சத்தம். கிலுங்... கிலுங்...

கடைசிக் கேள்வி.

“எங்கட பிள்ளையைப் பிடிச்சிருக்கோ?”

இல்லை என்று சொல்ல வேண்டும். யதுர்ஷிகாவின் முகத்தை நினைத்தான். பல்லைக் கடித்தான்.

கிற... கிற... கிற...

ஏதோ எழுதுகிற சத்தம். அவனுடைய பேனா. அவனுடைய கை.

பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள்.

குளிர்ந்த மூச்சு...

அடுத்ததாக அவனுக்கு நினைவிருப்பது, படலைக்கு வெளியே வெயிலில் நின்றது. நேரம் 2.05. ரூபன் வேர்வையில் சேர்ட் நனைய ஓடிவந்தான்.

“எங்கையடா போனனீ? ரெண்டு மணித்தியாலமா ஊரெல்லாம் தேடுறன்.”

“இந்த வீட்டுக்குள்ளைதான் இருந்தனான்.”

“பகிடி விடாதை. நான் தட்டிப் பாத்தனான். பூட்டிக் கிடக்கு.”

சுகிர்தன் திரும்பிப் பார்த்தான். கதவில் துருப்பிடித்த பூட்டு ஒன்று தொங்கியது. திறப்பு போடுகிற ஓட்டையைக் குளவி மண்ணால் அடைத்துக் கூடு கட்டியிருந்தது.

கொப்பியைத் திறந்தான். எட்டுப் பதில்களும் அவனுடைய கையெழுத்தில் இருந்தன. பெயர்: சுகிர்தன். முடிவு: சம்மதம்.

அன்று வழக்கத்தை விட்டு நேரே நிருஷனின் தாய் சிவனேஸ்வரியிடம் போய்க் கேட்டார்கள்.

“அங்கை இப்ப ஒருத்தரும் இல்லைத் தம்பி,” என்றார் அவர். “ஜெகதீஸ்வரியும் மகள் லக்சிகாவும் இருந்தவை. அந்தப் பிள்ளையைத்தான் முதல் எங்கட நிருஷனுக்குப் பேசினது. கலியாணச் சேலை எடுக்கப் போன இடத்திலை வான் றோட்டிலை பிரண்டு ரெண்டு பேரும் செத்துப்போச்சினம். ஆறு வருசமாச்சு.”

நான்கு சம்பந்தங்களும் குழம்பிய காரணத்தை ரூபன் மறுநாள் போன் போட்டு அறிந்தான். நான்கு வீட்டுக்காரரும் ஒரே பதில் சொன்னார்கள். விசாரிக்க வந்தபோது பக்கத்து வீட்டு அம்மா, பெடியனுக்குத் தன் மகளை முற்றாக்கிவிட்டதாகச் சொன்னாராம். ரூபன் அன்று முழுவதும் ஒரு புளுகும் விடவில்லை.

நிருஷனின் ஐந்தாவது சம்பந்தத்தை யாரும் குழப்பவில்லை. ஐப்பசியில் கலியாணம் சிறப்பாக நடந்தது. லண்டன்காரனுக்கு இவர்கள்மீது பெரிய மதிப்பு.

கார்த்திகையில் யதுர்ஷிகாவின் மாமன் வீரகத்தி கிளிநொச்சிக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள், வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். யதுர்ஷிகா போனை எடுக்கவில்லை. சுகிர்தன் அழுததை அன்றுதான் ரூபன் முதலில் கண்டான். தாங்க முடியாமல் சுகிர்தன் புளியங்குளத்துக்குப் போய் வீரகத்தியரிடமே கேட்டான்.

“வேறை இடத்திலை முற்றாக்கிப்போட்டு எங்களை ஏன் அலைக்கழிச்சனீங்கள்?” என்றார் அவர். “பக்கத்து வீட்டு அம்மா எல்லாம் சொன்னவா. தன்ரை மகளுக்குத்தானாம்.”

“எந்தப் பக்கத்து வீடு ஐயா?”

“வலப்பக்கத்து வீடு.”

சுகிர்தனின் வீட்டுக்கு வலப்பக்கம் வாய்க்கால். அங்கே எந்தக் காலத்திலும் ஒரு வீடு இருந்ததில்லை.

“வேறை என்ன சொன்னவா?”



“நாளும் வைச்சாச்சாம். தை பத்தொன்பது. மாப்பிள்ளையை முதல் நாளே வந்து கூட்டிக்கொண்டு போயிடுவினமாம்.”

நான் இதை எழுதும்போது மார்கழி முடிய மூன்று நாள் இருக்கிறது.